செல்வராஜை நான் எண்ணிய மூன்று நாட்கள்

ஜூன் 20, வெள்ளிக்கிழமை. காலை 9.50. காற்றோடு சேர்ந்த தூறல். குடையை விரித்தால் குடை திரும்புகிறது, விரிக்காவிட்டால் மூக்குக்கண்ணாடி நனைகிறது.

கண்டி மணிக்கூட்டுக் கோபுர பஸ் நிலையத்தில் இறங்கி, மார்க்கட் பக்கம் போகும் குறுக்கு ஒழுங்கைக்குள் நுழைந்தேன். இறங்கிய இடத்திலிருந்து நூற்றுப் பன்னிரண்டு எட்டு. வழமையான இடம், வழமையான நேரம். ஆனால் செல்வராஜைக் காணவில்லை.

அவர் இருக்கும் இடத்தில் இரண்டு பூச்சாடிகள் இருந்தன. புதுச் சாடிகள். விலை எழுதி ஒட்டிய கடதாசி கூட இன்னும் உரிக்கப்படவில்லை.

பூச்சாடிகளுக்குப் பின்னால், சுவரில், செல்வராஜ் இருந்தார். ஏழடி உயரத்தில், மஞ்சள் சட்டையில், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு. இரண்டு பிள்ளைகள் அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்கிள், கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? படத்த மறைக்கிறீங்க" என்றாள் ஒருத்தி.

தள்ளி நின்றேன். வேறு என்ன செய்வது?

செல்வராஜ் யாரென்று சொல்லிவிடுகிறேன். நடைபாதையில் நிறை பார்க்கும் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு இருப்பவர். ஏறி நின்றால் இருபது ரூபா. ஹுன்னஸ்கிரியப் பக்கத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த காலத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகு இந்த மெஷின்தான். பதினொரு வருடம், ஒரே இடம்.

என் நிறை இறங்கிக்கொண்டு போகிறது, வாரா வாரம் பார்த்து எழுதுங்கள் என்று டொக்டர் சொன்னதிலிருந்து நான் அவருடைய வெள்ளிக்கிழமை வாடிக்கை. நூற்று எண்பத்தேழு வெள்ளிக்கிழமைகள். கொப்பியில் இருக்கிறது.

"பர்ஸ கீழ வச்சிட்டு ஏறுங்க ஐயா. பென்ஷன் வெயிட்டு கூட வந்திரும்" என்பார்.

"பென்சனுக்கு என்ன பாரம் கிடக்கு? வெறும் காத்து" என்பேன்.

இந்தப் பகிடியை நாங்கள் நூறு தடவையாவது சொல்லியிருப்போம். இரண்டு பேரும் சிரிப்போம்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என்னுடைய எண்ணும் வியாதி தெரியும். முப்பத்தாறு வருடம் அரசாங்கத்தில் புள்ளிவிபர இலிகிதராக இருந்தவன். ஆட்களை எண்ணினேன், ஆட்டை எண்ணினேன், தோட்டத் தொழிலாளர் லயத்துக் கூரைத் தகரங்களை எண்ணினேன். ஒரு வாசகர் கேட்டு எழுதியிருந்தார்: "ஐயா, உங்கள் தலைமயிரையும் எண்ணிவிட்டீர்களா?" எண்ணலாம். இப்போது அது சாத்தியம்.

அந்த வியாதிதான் செல்வராஜை அந்த இடத்திலிருந்து தூக்கியது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி நஸ்ரின் என்ற பிள்ளை இருக்கிறாள். பாடசாலையில் சித்திரம் படிப்பிப்பவள். அவளும் ஆறு நண்பர்களும் சேர்ந்து ஒரு வேலை தொடங்கினார்கள். கண்டி என்றால் எல்லோரும் வாவியையும் யானையையும் வரைகிறார்கள், நாங்கள் ஒவ்வொரு நாளும் பார்த்தும் பார்க்காமல் போகிறவர்களை வரைவோம் என்று. பன்னிரண்டு சுவர்கள், பன்னிரண்டு ஆட்கள். லொத்தர் சீட்டு விற்பவர், பஸ் நிறுத்தத்தில் கச்சான் கடலை விற்பவர், பூட்டுக்குத் திறப்பு வெட்டுபவர்... அப்படி. யார் எந்த இடத்தில் இருக்கிறாரோ அவருடைய முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரிலேயே அவருடைய படம்.

நல்ல யோசனைதானே? எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆறாவது சுவருக்குச் செல்வராஜின் பெயரைச் சொன்னவனே நான்தான்.

"அங்கிள், ஒங்களுக்கு ஒரு வேல ஈக்குது" என்றாள் நஸ்ரின். "படத்துக்குக் கீழ ரெண்டு வரி எழுதோணும். கவித மட்டும் வாணாம்."

"எனக்குக் கவிதை வராது பிள்ளை. எண்ணத்தான் வரும்."

"அப்ப எண்ணுங்களே. அதுதான் வேணும். எத்தின பேரு அவர தாண்டிப் போறாங்க, எத்தின பேரு நிக்கிறாங்க. வாசிக்கிற ஆளுக்கு சுருக்குண்டு ஈக்கோணும்."

ஓய்வுபெற்ற ஒருவனிடம் வந்து உன்னுடைய தொழிலைத் திரும்பச் செய் என்றால் எப்படியிருக்கும்? மூன்று நாட்கள். செல்வராஜுக்கு நேர் எதிரே தேநீர்க்கடை வாசலில் ஒரு கதிரை. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை. கொப்பியில் கோடு கோடாக இழுத்தேன். நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது கோடு.

நின்று நிறை பார்த்தவர்கள் முதல் நாள் நாற்பத்தொன்று. இரண்டாம் நாள் நாற்பத்தைந்து. மூன்றாம் நாள் நாற்பத்து மூன்று. சராசரி நாற்பத்து மூன்று. எவ்வளவு அழகாக வருகிறது பாருங்கள் என்று நானே மெச்சிக்கொண்டேன். அழகாக வரும் கணக்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று எனக்குக் கீழே வேலை செய்தவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவன் நான்.

மூன்று மொழியிலும் எழுதினார்கள். தமிழ் என்னுடையது:

"செல்வராஜ். பதினொரு வருடமாக இதே இடம். ஒரு நாளில் இவரைக் கடந்து போவோர் 2,316 பேர். நின்று நிறை பார்ப்போர் 43 பேர்."

படம் திறந்த அன்று பிரதம அதிதி வந்தார், மாலை வந்தது, பால்சோறு வந்தது. செல்வராஜ் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா... காலு ரெண்டையும் வரஞ்சிருக்காங்க" என்றார் மெதுவாக.

அப்போதுதான் நானும் பார்த்தேன். சாரத்துக்குக் கீழே இரண்டு பாதங்கள், இரண்டு செருப்புகள். எல்லாவற்றையும் எண்ணுகிற நான் இதை எண்ணவில்லை.

"நஸ்ரினிட்டைச் சொல்லித் திருத்தச் சொல்லட்டே?"

"வேணாம்ங்க. செவத்துலயாவது இருந்துட்டுப் போகட்டும்."

அது நடந்து இரண்டு கிழமைக்குள் பூச்சாடி.

அந்த வெள்ளிக்கிழமை தூறலில் நின்றபடியே பக்கத்து ஓட்டோ ஸ்டாண்டில் மைக்கலைக் கேட்டேன். எனக்கு எப்போதும் வணக்கம் வைக்கிற மனிதர். அன்று என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"திங்கக்கெழம தூக்கிட்டாங்க ஐயா. படத்த பாக்க ஆளுங்க வாறாங்களாம், இவரு முன்னால ஒக்காந்து மறைக்கிறாராம்."

"அவரின்ரை படத்தை அவரே மறைக்கிறாரோ?"

"நானும் அதத்தான் கேட்டேன். எனக்கும் ஏசிட்டுப் போறாங்க."

"இப்ப எங்கை ஆள்?"

"கம்பளைக்குப் போயிட்டாரு. அக்கா வீட்டுக்கு."

அன்றைக்கே நஸ்ரினைக் கூட்டிக்கொண்டு, நடைபாதைக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்பது வேண்டாம். மரியாதையான மனிதர். எழுந்து நின்று கதிரை காட்டினார். கோப்பைத் திறந்தால் முதல் தாளாக எங்கள் சுவரின் வண்ணப் படம். அந்தச் சுவரோடு தன் மகளும் படம் எடுத்துக்கொண்டாள் என்றார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். உடல் இயலாமை உள்ள, வருமானம் குறைந்தவர்களுக்கு நடைபாதையில் ஓரிடம் எழுத்தில் ஒதுக்கிக் கொடுக்கும் சலுகை ஒன்று இருக்கிறது. செல்வராஜ் போன வருடமே அதற்கு விண்ணப்பித்திருக்கிறார். எனக்குத் தெரியாது. அது மட்டும் கிடைத்திருந்தால் படம் மறைகிறது என்று யாரும் அவரை அசைக்க முடியாது. விண்ணப்பத்தில் நாள் வருமானம் முந்நூறு ரூபா என்று எழுதியிருந்தார். அனுமதி கையெழுத்துக்குப் போயிருந்த நேரத்தில்தான் சுவர் திறக்கப்பட்டது.

"நாற்பத்து மூன்று பேர்" என்று சிங்களத்தில் சொல்லி, கல்குலேட்டரில் தட்டி, என் பக்கம் திருப்பினார். எண்ணூற்று அறுபது. "மஹத்தயா, மூன்று மொழியில் சுவரில் எழுதியிருக்கிறது. நான் எப்படி முந்நூறு என்று கையெழுத்து வைப்பது? ஒன்றில் அவர் பொய் சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் நீங்கள் பிழையாக எண்ணியிருக்கிறீர்கள்."

இப்போது சொல்லப்போவதை எழுத எனக்குக் கை கூசுகிறது.

அவர் வழி திறந்து வைத்திருந்தார். "ஓம், என் கணக்குப் பிழை" என்று நாலு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"முப்பத்தாறு வருடம் புள்ளிவிபர வேலை செய்தவன் நான். என் கணக்குப் பிழைக்காது."

நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு வேறு சொன்னேன். நஸ்ரின் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். அதிகாரி பேனையை எடுத்து அதைக் கோப்பில் எழுதிக்கொண்டார். என் பெயர், பழைய பதவி, சேவைக் காலம் எல்லாவற்றோடும்.

வெளியே படிக்கட்டில் இறங்கும்போது நஸ்ரின் நின்றுவிட்டாள்.

"அங்கிள், நீங்க யார்ட பக்கம்?"

இருபத்திரண்டு படிகள். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இறங்கினேன்.

"நாங்க நல்லதுக்குத்தானே செஞ்ச..." என்றாள். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

அடுத்த செவ்வாய் கம்பளைக்குப் போனேன். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், பேக்கரி ஒன்றின் ஓரத்தில், அதே மெஷினோடு இருந்தார். பஸ் போகும்போதெல்லாம் சேற்றுத் தண்ணீர் தெறித்தது. மெஷினின் கண்ணாடியைச் சாரத்தால் துடைத்துவிட்டு, "வாங்க ஐயா, ஏறுங்க. இன்னைக்கு வெள்ளிக்கெழம இல்லியே?" என்றார். முகத்தில் கோபத்தின் சாயல்கூட இல்லை. அது இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

தேநீர் வாங்கிக் கொடுத்து நேராகவே கேட்டேன். "செல்வராஜ், உண்மையைச் சொல்லும். ஒரு நாளைக்கு எத்தினை பேர் வாறவை?"

"பதினஞ்சு பேருங்க. மழன்னா பத்து."

"அப்ப நான் எண்ணினது? நாப்பத்து மூண்டு?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கோவிச்சிக்கக் கூடாது. மொத நா காலையில பத்து மணி வரைக்கும் ரெண்டே பேருதாங்க. நீங்க எதுத்தாப்புல கொப்பிய தொறந்து வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க. ஒங்க மொகத்த பாத்தேன்... வாடிப் போயிருந்திச்சு. இம்புட்டு பெரிய மனுசன் நம்மள தேடி வந்து ஒக்காந்திருக்காரு, வெறுங்கொப்பியோட அனுப்புறதான்னு இருந்திச்சு. மைக்கல்ட்ட சொன்னேன், ஸ்டாண்டுல உள்ளவனுங்கள கொஞ்சம் அனுப்புடா, ஐயா எழுதிக்கிறட்டும்னு."

"காசு?"

"காசு ஏதுங்க? சும்மாதான் ஏறி எறங்கினானுங்க. ஒருத்தன் ஒரே நாள்ல மூணு தடவ ஏறினான். தொப்பி போட்டுக்கிட்டு ஒருக்கா, கழட்டிட்டு ஒருக்கா, மைக்கல் சட்டைய போட்டுக்கிட்டு ஒருக்கா." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூணாவது தடவ நீங்க அவன நிமிந்து பாத்தீங்க. செத்தோம்னு நெனச்சேன். பொறவு குனிஞ்சு கோடு போட்டீங்க."

வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. முதல் நாள், பிற்பகல் 2.20, ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு: "இதே முகம்?" கேள்விக்குறி போட்டிருக்கிறேன். போட்டுவிட்டு, கோட்டையும் போட்டிருக்கிறேன். அந்த மனிதருடைய முகத்தைவிட என் சராசரி எனக்கு முக்கியமாக இருந்திருக்கிறது.

அன்று இரவு நித்திரை வரவில்லை. செல்வராஜ் மட்டும் காரணமில்லை. நான் மலையேறிப் போய் லயம் லயமாக எண்ணிய வருடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கொப்பியோடு ஒரு அரசாங்க உத்தியோகத்தன் வாசலில் வந்து நிற்கிறான். வேர்த்துப் போயிருக்கிறான். கதிரை போடுகிறார்கள், பிளேன்டி ஊற்றிக் கொடுக்கிறார்கள். வீட்டில் எத்தனை பேர்? எத்தனை பேருக்கு வேலை? எத்தனை நேரம் சாப்பாடு? அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார்கள். நான் கோடு இழுப்பேன். "மூணு நேரமும் சாப்பிடுறோம்ங்க" என்று எத்தனை வீட்டில் வந்தவனுடைய மனம் கோணக்கூடாது என்பதற்காகச் சொன்னார்களோ? அந்தக் கோடுகளைக் கூட்டித்தானே மேலே அனுப்பினேன். மேலே இருந்தவர்கள் அதைப் பார்த்துத்தானே ஏதோ முடிவு எடுத்திருப்பார்கள்.

முப்பத்தாறு வருடம். எதைத் திருத்துவது?

ஒன்றையாவது திருத்தலாம் என்று நினைத்தேன். சமாதான நீதவான் ஒருவரிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடித்தேன். இன்ன நாட்களில் நான் எடுத்த கணக்குப் பிழையானது, உண்மையான எண்ணிக்கை பதினைந்துக்கு மேற்படாது என்று. இரண்டு மொழியில் டைப் செய்து, முத்திரையில் கையெழுத்து வைத்தேன். என் வாழ்நாளில் எந்தக் கணக்கையும் நான் வாபஸ் வாங்கியதில்லை.

அதிகாரி பொறுமையாக வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார்.

"மஹத்தயா, போன முறை பிழைக்காது என்றீர்கள். எழுதி வைத்திருக்கிறேன். இந்த முறை பிழை என்கிறீர்கள். எழுதித் தந்திருக்கிறீர்கள். நாளைக்கு ஓடிட்காரன் கணக்குப் பார்க்க வந்து என்னிடம் கேட்டால் நான் எந்தத் தாளைக் காட்டுவேன்?"

நியாயமான கேள்வி. அவருடைய கதிரையில் இருந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"சுவரிலை உள்ள இலக்கத்தை எண்டாலும் மாத்தலாமோ?"

"பிரதம அதிதி திறந்து வைத்த சுவர். அதில் கை வைக்க நான் யார்?" என்று சிரித்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்ற கடிதம் ஏற்கெனவே போய்விட்டதாம். இனி அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிக்கலாம். அந்த இடத்துக்கு அல்ல. அந்த இடம் இப்போது பார்வையிடும் இடம்.

வெளியே வந்து நானும் நஸ்ரினும் மற்றப் பதினொரு சுவர்களையும் நடந்து பார்த்தோம். அவள்தான் போவோம் என்றாள். லொத்தர்க்காரர் இருக்கிறார், ஆனால் எட்டு அடி தள்ளி. திறப்பு வெட்டுபவர் இருக்கிறார். கச்சான்காரர் இல்லை, சுவருக்கு முன்னால் சங்கிலி கட்டியிருந்தது. மொத்தம் பன்னிரண்டு படங்கள். தங்கள் படத்துக்குக் கீழே இன்னும் இருக்கிறவர்கள் ஏழு பேர். நஸ்ரின் அதற்குப் பிறகு தூரிகையைத் தொடவில்லை என்று அவளுடைய வாப்பா சொன்னார். இனி எழுதமாட்டேன் என்று நான் இந்தப் பக்கத்தின் ஆசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நமக்கு எளிய மனிதர்களைப் பிடிக்கும். பிடிக்காது என்று யார் சொன்னது? அவர்களைப் பற்றிப் பாடுவோம், வரைவோம், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பத்தி எழுதுவோம். அவர்கள் அசையாமல், பேசாமல், நடைபாதையில் இடம் பிடிக்காமல் இருந்தால் போதும்.

கடந்த வெள்ளிக்கிழமை மறுபடி கம்பளைக்குப் போனேன். செல்வராஜுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தேன். பேக்கரிக்கு எதிர்ப்பக்கம், புடவைக்கடைத் தூணுக்குப் பின்னால், கொப்பி இல்லாமல் நின்றேன். ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை. மூன்று மணித்தியாலம். பிறகு வீதியைக் கடந்து போய் நானும் ஏறினேன். ஐம்பத்தாறு கிலோ.

"கொறஞ்சிக்கிட்டே போறீங்க ஐயா" என்றார். "ரெண்டு வேளையாவது ஒழுங்கா சாப்பிடுங்க."

"மூண்டு நேரமும் சாப்பிடுறன்" என்றேன்.

அந்த மூன்று மணித்தியாலத்தில் அவரிடம் நின்றவர்கள், என்னையும் சேர்த்து, நாலு பேர். எண்பது ரூபா. அதில் இருபது என்னுடையது. அந்த இருபதைக் கொண்டுபோய்க் கொடுக்க, கட்டுகஸ்தோட்டையிலிருந்து போகவர பஸ்ஸும் ஒரு தேநீரும் சேர்த்து எனக்கு ஆனது முந்நூற்று நாற்பது ரூபா.